கூறும் கொசுறும்

இடம் இல்லையாம் என்று போனை நீட்டினாள் பிலோமினா.
காசிமேட்டில் ஏலம் முடித்து
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
நேராக என் ஜெராக்ஸ் கடைக்கு.
திரையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

பத்தாயிரம் ரூபாய். தவணையில் இன்னும் நாலு பாக்கி.
பிரித்த அன்றே உள்ளே ஆள் குடியிருந்தது:
ரம்மி, பங்குச் சந்தை,
காற்றைப் பற்றி வாய் திறக்காத வானிலை ஒன்று.

ஒவ்வொன்றாக விரல் வைத்து அழுத்தினேன்.
சிலது போனது.
சிலதில் 'நீக்கு' என்ற சொல்லே இல்லை,
'முடக்கு' மட்டும்தான்.
முடக்கினாலும் உள்ளேதான் படுத்திருக்கும் என்றேன்.

"நான் கேட்டனா இத்தெல்லாம்?"
இதனால்தான் போன் விலை குறைகிறதாம்.
"எவ்ளோ கொறஞ்சுதாம்?"
அதை யாரும் பில்லில் போடுவதில்லை.

"ரேஷன்ல சக்கரைக்குப் போனா
டீத்தூளும் வாங்குன்றான்.
சண்ட போட்டா எடுத்து உள்ள வச்சிக்கிறான்.
இதுக்கு யாராண்ட போய் சண்ட போடறது?"

நானும் விடவில்லை.
நீ கூறு கட்டும்போது
மேலே நாலு பெரிய சங்கரா,
அடியில் பொடி வைப்பதில்லையா?

சிரித்தாள், சுருக்கென்றும் இருந்திருக்கும்.
"வைப்பேன். கவுத்துக் காட்டுன்னா காட்டுவேன்.
வேணான்னு போறவங்க போய்க்கினேதான் கீறாங்க.
வூட்டுக்கு வந்து
நவுர மாட்டேன்னு குந்திக்காது என் மீனு."

கொசுறு என்பது கேட்டு வாங்குவது,
கறிவேப்பிலை யார் பேச்சையும் ஒட்டுக் கேட்டதில்லை
என்று ஒரு நல்ல வரி வந்தது. சொல்லவில்லை.
போன மாதம்தான்
பிரின்டருக்கு டிரைவர் இறக்கப் போய்
ஒரு வைரஸ் காவலாளியைக் கூட்டிவந்தேன்.
நாளுக்கு மூன்று முறை என்னையே மிரட்டுகிறான்.
கட்டத்தில் டிக் முன்பே விழுந்திருந்தது.
அடுத்து, அடுத்து, அடுத்து என்று
தட்டியது என் விரல்.
வாசலில் ஹால் டிக்கெட்டுக்கு ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

இடம் பிடித்தாக வேண்டும்.
மகளின் புதுநன்மை வீடியோ, இருபது நிமிஷம்.
"அக்கா போன்ல கீது. அத்த அழிச்சிடு."
அதற்கு 'நீக்கு' உடனே வந்தது.
உறுதியா என்றுகூடக் கேட்டது,
அவ்வளவு மரியாதையாக.

கிளம்பும்போது ஆதாரை நீட்டினாள், ஒரே ஒரு காப்பி.
பழக்கத்தில் என் கை
லேமினேஷன் மெஷினைப் போட்டுவிட்டிருந்தது.
அது சூடாகிற வாசனைக்குத் திரும்பினாள்.

"அத்த யாரு கேட்டா?"