ஆயிரத்துக்கு ஒன்பது

நேமத்தான்பட்டிக் கோயில்காட்டில்
மாதம் ஒருமுறை
அதே வீரை, அதே பாலை, அதே காரைமுள்.
ஆடியில் பறித்த இலையும்
கார்த்திகையில் பறித்த இலையும்
என் கண்ணுக்கு ஒரே பச்சை.

உலர்த்தி, சின்ன உரலில் அரைத்து,
மூன்று மில்லிகிராம் நிறுத்து,
மூக்குத்தித் திருகாணி அளவு தகரச் சிமிழில்
மடித்து அனுப்புவேன்.
வெளியூர் எந்திரம்
கனத்த நைட்ரஜனை, அந்தப் பதினைந்தை,
லேசானதிலிருந்து பிரித்து எண்ணிச் சொல்லும்.

கோடையில் கொஞ்சம் ஏறும்.
செம்மண்ணில் மழை விழுந்ததும் இறங்கும்.
சீமைக்கருவேலம் மட்டும்
காற்றிலேயே சாப்பிட்டுக்கொண்டு
வருஷம் முழுக்கப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்,
மண்ணுக்குக் கடன்படாமல்.

ஐப்பசி, வீரைக் கொழுந்து:
ஆயிரத்துக்கு ஒன்பது.
மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒன்பதே.
என் கை அழுக்கா, தராசா என்று
இரண்டு இரவு தூக்கமில்லை.

கீதாரி சாத்தையாவிடம் கேட்டேன்.
"அங்கன நான் கிடை போட்டதே இல்லத்தா."
குடையை மடக்கினார். விரித்தார். மடக்கினார்.
"புரட்டாசிக் கடைசியில மூணு ராத்திரி.
கண்மாய்க் கரை அத்துப்போச்சு,
குட்டியெல்லாம் நனஞ்சு வெடவெடங்குது.
அய்யனாரு ஒண்ணும் சொல்லல.
ஒனக்கு யாரு சொன்னது?"

இலை, என்றேன்.

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்,
எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்ன பங்காளியைப்
பார்ப்பதுபோல.

அட்டவணையில் அந்த எண்ணை அழிக்கவில்லை.
எதிரே, காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.

பொய்யில்லை.