சுழியம், சுழியம்

டார்ட்டுவில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
விட்டில்கள் பற்றிய இதழின் சந்தாதாரர்களை
உலகப்படத்தில் புள்ளி வைக்கிறாள் மாரிகா.

ஒசாகாவில் நால்வர்.
மான்டிவிடியோவில் ஒரு பல் மருத்துவர்.
ஐஸ்லாந்தில், விட்டிலே அபூர்வமான ஊரில்,
இருவர், அதுவும் அக்கம்பக்கத்து வீடு.

கானாவுக்குத் தெற்கே நடுக்கடலில்
பதினேழு பேர்
ஒரே புள்ளியில் நிற்கிறார்கள்.

கப்பல் இல்லை, தீவும் இல்லை.
ஊர் எழுதாதவர்களைக் கணினி
இறக்கிவிடும் இடமாம் அது.

அழிக்கப் போனவள் பெயர்களைப் படித்தாள்.
ஊர்மாஸ்.
(தமிழில் கேட்டால்
பெயரிலேயே ஊரை வைத்திருப்பவன்.)
போன மார்ச்சில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை.

அங்கே ஆழம் எவ்வளவு என்று தேடினாள்.
ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

அழிக்கவில்லை.
புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்,
பதினேழு பேர் நிற்க வேண்டாமா.