குன்றிமணி எடை

மேக்னஸ் ஹால்க்ரோவுக்கு
முப்பது வயதுவரை மண் என்பது
வழியில் நிற்கும் பொருள்.
கழுவித் தள்ள வேண்டியது.

கிளூதா ஆற்றுக்கு மேலே
மலையின் இடுப்பைச் சுற்றி ஐந்து மைல்
வாய்க்கால் வெட்டினார்கள் நான்கு பேர்.
நீரைக் கித்தான் குழாயில் அடைத்துப் பீய்ச்சினால்
குன்று குழைந்து இறங்கும்.
கருமண், புல்வேர், மண்புழு
எல்லாம் கலங்கலாய்க் கடலுக்குப் போகும்.
அடியில் தங்கிய மினுக்கத்தை
மூன்று வருடம் கூட்டிப் பார்த்ததில்
மாவுக்கும் உப்பிட்ட பன்றிக்கும்
கடையில் எழுதிய கணக்கு தீர்ந்தது.
மிச்சம், ஒரு ஜோடி பூட்ஸ்.

நால்வரில் டேவி ஸ்க்ளேட்டர் ஜூலைப் பனியில் போனான்.
இங்கே ஜூலைதான் குளிர்காலம்,
ஆர்க்னித் தீவில் பிறந்த எனக்கு
அது பழகப் பல வருடமாயிற்று.
இன்னொருவன் மேற்குக் கரையில் தங்கம் என்று ஓடினான்.
மூன்றாமவன் பெயரை மேக்னஸ் சொல்வதில்லை.
வாய்க்கால் மட்டும் மிஞ்சியது.

கப்பலிறங்கி நான் வந்தபோது
அதைத்தான் சொத்தென்று காட்டினான்.
தண்ணீர் நன்றாகவே ஓடியது.
பாய்வதற்கு நிலம் இல்லை.
கண்ணெட்டும் தூரம் கழுவிய கூழாங்கல்,
ஏதோ பிராணியின் பல்வரிசை போல.
"ஏதாவது விதைப்போம்" என்றேன்.
"எதில்?" என்று கேட்டுவிட்டு
தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அதன்பின் சுமந்தோம்.
ஆறு திரும்பும் மூலையில் ஒதுங்கிய வண்டலை
கூடை கூடையாக, மேட்டுக்கு.
அவன் கழுவி அனுப்பியதில் கொஞ்சமாவது
அதில் இருந்திருக்கும்.
பழைய சல்லடையில் சலித்தான்,
இந்த முறை கல்லை எறிந்துவிட்டு.
லாவ் சுன் என்ற சீனத்துக்காரன்
குதிரைச் சாணம் விற்றான், வண்டி நான்கு ஷில்லிங்.
சுரங்கக்காரர்களுக்கு முட்டைக்கோஸ் விற்றே
வீடு கட்டியவன் அவன்.
பேரம் பேசினால் சிரிப்பான், குறைக்கமாட்டான்.

தங்கம் அலசும் ஆட்டுபெட்டிக்கு
அவர்கள் பேச்சில் தொட்டில் என்று பெயர்.
எங்கள் தொட்டிலில் கோழிகள் முட்டையிட்டன.

ஏழாம் வருடம் ஆப்ரிகாட் காய்த்தது.
எட்டாம் வருடம் உறைபனி.
ஒன்பதாம் வருடம், ஒரு சனிக்கிழமை,
முட்டையை நிறுத்திவிட்ட சாம்பல் கோழியை அறுத்தேன்.
இரைப்பையைக் கீறினால்
மணல், ஓட்ஸ், சட்டைப் பொத்தானில் பாதி,
நடுவில் அது.
குன்றிமணியில் அரைக்கால் எடைகூட இருக்காது.
அவனைக் கூப்பிட்டேன்.
கூப்பிட்டிருக்கக் கூடாது.

விரலை நக்கி அதை ஒற்றி எடுத்து
ஜன்னல் பக்கம் பிடித்தான்.
சாப்பாடு ஆறியது.
"எந்தப் பக்கம் மேய்ந்தது அது?"
என்றான், வெகுநேரம் கழித்து,
எனக்குத் தெரியாத ஒரு குரலில்.

இரவெல்லாம் கொல்லையில் விளக்கு அசைந்தது.
விடியலில் பார்த்தால்
உருளைக்கிழங்கு மூன்று பாத்தி
வேர் மேலாய்க் கிடந்தது.
இடுப்பளவு குழிக்குள் அவன்.
"கல்தான்" என்றான்.
"காபி ஆறுகிறது" என்றேன்.
மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும்
திரும்ப நட்டுவிட்டான், முழங்காலில் நகர்ந்து நகர்ந்து.
பாதி பிழைத்தது.
அந்தக் குளிர்காலம் டர்னிப் தின்றோம்.

அந்தத் துணுக்கு எங்கே என்று
அதற்குப் பின் அவன் கேட்டது இரண்டே முறை,
இரண்டு முறையும் போதையில்.
தொலைந்தது என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே தவிட்டில் பிசைந்து
வெள்ளைச் சேவலுக்குப் போட்டிருந்தேன்.
சேவல் கிழடாகிவிட்டது, ஒரு கண் இல்லை,
நடுராத்திரியில் கூவுகிறது.
அறுத்துவிடலாமே என்கிறான் மேக்னஸ்.
கறி வேகாது என்கிறேன் நான்.