ஒன்பதே கால்

செவ்வாய்தோறும் இரவு ஒன்பதே காலுக்கு
ஒரு கால்.
குன்னூர் இருநூற்றுப் பதினேழிலிருந்து எர்ணாகுளத்துக்கு,
ஆர்டினரி, பி.பி., மூன்று நிமிடம்.
கூப்பிடுகிறவர் நெகேமியா, தேயிலை ருசி பார்க்கிறவர்.
எடுக்கிறவர் மேனாஹேம், கண்ணாடிக் கடைக்காரர்.
இரண்டு முகத்தையும் நான் பார்த்ததில்லை.

ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி.
லைன் தெளிவாக இருக்கிறதா என்று
கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் விதி.
இரண்டு விதிக்கும் நடுவில்
ஒரு ஹெட்போன் அகலத்துக்கு இடம் இருந்தது.

சுகமா என்பதில்லை, மழையா என்பதில்லை.
எடுத்ததும் ஒரு வரி, எனக்குப் பிடிபடாத பாஷையில்,
இழுத்து, பாதி ராகமாக.
அப்புறம் மலையாளத்தில் சண்டை.
"தோரா என்பார்களாம், யூதர்களின் வேதம்,"
என்றாள் பக்கத்து போர்டு ஜெசிந்தா.
வேதத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் காசு:
தெருவில் சிதறிக் கிடந்தால் எடுத்தவனுக்கு.
முடிச்சுப் போட்டுக் கிடந்தால் கூவிக் கேட்க வேண்டும்.
முடிச்சு அவிழ்ந்து பாதி சிதறியிருந்தால்?

அங்கே நான் நுழைவேன்.
"மூன்று நிமிடம் ஆயிற்று சார்."
"சரி. அடுத்த செவ்வாய்."
நீட்டிக்கச் சொன்னதே இல்லை.
அவிழ்ந்த முடிச்சு ஒரு வாரம் முழுக்கக்
கம்பியில் தொங்கும்.

ஏலத்துக்கு முந்தின ஒரு ராத்திரி
அவர் கம்பெனியே லைட்னிங் போட்டது, கல்கத்தாவிலிருந்து.
ஒன்பது பதினான்கு.
"ஒன்பது இருபதுக்குக் கொடுங்கள்," என்றார்.
"சார், லைட்னிங். எட்டு மடங்கு காசு."
"கேட்டது. ஒன்பது இருபது."
ஆறு நிமிடம் கல்கத்தா என் காதில் வைதது,
ஆங்கிலத்தில் தொடங்கி வங்காளத்தில்.

எனக்கும் நேரங்கள் உண்டு.
குழாயில் தண்ணீர் வரும் ஐந்தரை,
அரவங்காடு பஸ், நைட் டூட்டி ரிஜிஸ்தர்.
எல்லாம் என்னைக் குறித்துவைத்த நேரங்கள்.
நான் குறித்துவைத்தது எது
என்று யோசிப்பதற்குள் ஊட்டி போர்டில் விளக்கு எரிந்தது.

நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கியது.
நானே கூப்பிட்டுச் சொன்னேன்:
"லைன் செத்துப்போச்சு சார், கல்லாறு வரைக்கும்."
போனுக்குள் மழை பெய்தது கொஞ்சம்.
"மணி என்ன?"
"ஒன்பதே கால்."
"அப்படியானால் நேரம் வந்துவிட்டது,
ஆள்தான் வரவில்லை. உங்களிடம் கேட்கலாமா?"

வரியை வாசித்தார். காசு, முடிச்சு.
அந்த ஜூனில், பெட்ஃபோர்டு திருப்பத்தில்,
என் சம்பளக் கவர் கிழிந்து
எத்தனை பேர் காலடியில் குனிந்தேன் என்று சொல்லவில்லை.
சொன்னது இது:
"சிதறினால் எடுத்தவனுக்கா?
சிதறிய பிறகுதானே சார் தேடவே ஆரம்பிக்கிறோம்?"
"காசில் அடையாளம் ஏது?"
"காசில் இல்லை.
தேடுகிறவள்தான் அடையாளம்."

பதில் வரவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
சொல்ல ஆளில்லாததால் எனக்கே சொன்னேன்,
மூன்று நிமிடம் ஆயிற்று சார்.
"சரி," என்றார். "அடுத்த செவ்வாய்."

கம்பியை ஒட்டிவிட்டார்கள்.
அடுத்த செவ்வாய் அந்த இழுப்பு வரிக்குப் பிறகு
"இங்கே ஒருத்தி சொல்கிறாள்," என்று ஆரம்பித்தார்.
"யாரு?"
"ஒன்பதே கால்."
மேனாஹேமிடம் முதலில் பதில் இல்லை.
பிறகு இரண்டு இருந்தன,
இரண்டும் எனக்கு எதிராக.

முதலாவதை உடைக்க என் வாயில் ஒன்று இருந்தது.
சாவியை மேலே தள்ளி,
"மூன்று நிமிடம் ஆயிற்று சார்," என்றேன்.

ஐந்தரைக்குக் குழாயடியில்
எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்,
யாரிடம் பேசுகிறேன் என்று.