பதினோராவது

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
காலையில் என் முதல் வேலை பெருக்குவது.
விளக்குமாற்றால் இல்லை,
மவுஸால்.

ராத்திரியில் வந்து விழுந்து கிடக்கும்:
நான் வாங்காத சீட்டுக்கு விழுந்த லாட்டரி,
யாரோ ஒரு விதவை என் பேருக்கு எழுதிவைத்த
நாற்பது லட்சம் டாலர்,
முடி கொட்டுவதற்கு எண்ணெய்,
கேட்காமலே சாங்ஷன் ஆன கடன்.
(கேட்ட கடனுக்கு, கூட்டுறவு வங்கியில்
இன்னும் மூன்றாவது ஜாமீன் தேடுகிறேன்.)

படிப்பதில்லை. முதல் வரி போதும்.
'ஸ்பேம் எனப் புகார் செய்க.'
அழுத்தினால் சத்தம் ஏதும் வராது.
எங்கே போகிறது, யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?
சந்தூர் பஸ்ஸில் செயின் போனபோது
ஸ்டேஷனில் ரசீதாவது கொடுத்தார்கள்.
செயின் வரவில்லை, அது வேறு.

பெங்களூரா வரத்து ஓய்ந்து
பாய்லர் ஆறிக் கிடந்த ஆடி மாதம்
ஒன்று வந்தது. தெரியாத முகவரி.

'அன்பான சகோதரி,
என் அண்ணன் இறந்துவிட்டார்.
வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது.
பணம் கொஞ்சம் தாமதம் ஆகும்.
கடவுள் உங்களைக் காப்பார்.'

நாலு வரி இங்கிலீஷில் ஏழு பிழை.
செத்த அண்ணன், முடங்கின கணக்கு, கடவுள்
மூன்று பேரும் ஒரே கடிதத்தில் வந்தால்
சொல்லவா வேண்டும்?
அழுத்தினேன்.
அன்றைக்கு அது பதினோராவது.
டீ வந்தது.

ஆவணியில் முதலாளி சூடப்பா
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
"ஏம்மா, அந்த ஏமன்காரர் சாலே
இருபது டன்னுக்கு ஒரு வார்த்தையும் எழுதலையா?
அண்ணன் தம்பி ரெண்டு பேரும்
அப்படிப்பட்ட ஆளுங்க இல்லையே."

தொண்டையில் ஒரு மாங்கொட்டை.

ஸ்பேம் பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
முப்பது நாளில் தானாக அழிந்துவிடுமாம்.
அன்றைக்கு இருபத்தெட்டு.
எண்ணெய்க்குக் கீழே, விதவைக்கு மேலே
மகனுடைய ஐடியில் இருந்தார் சாலே,
தப்பான பந்தியில் உட்கார வைத்த
துக்க வீட்டுக்காரர் மாதிரி,
எழுந்தும் போகாமல்.

'ஸ்பேம் அல்ல' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அதற்கும் சத்தம் கிடையாது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
'அன்புள்ள ஐயா,
உங்கள் அண்ணன் மறைவுக்கு வருந்துகிறோம்.
பணம் மெதுவாக வரட்டும்.
கடவுள் உங்களுக்கு...'
நிறுத்தி, ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.
செத்தவர், பணம், கடவுள்.
ஹுதைதாவில் ஒரு மேசையில்
என்னைப் போல ஒருத்தி
டீ வருவதற்குள் முடித்துவிடுவாள்.

கடவுளை எடுத்தேன்.
பணத்தை எடுத்தேன்.
வருந்துகிறோம் என்பதையும்.
அண்ணன் பேர் என்ன என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

நாலு நாளாகிறது.
இப்போதெல்லாம் காலையில்
முதலில் குப்பையைத்தான் படிக்கிறேன்,
அந்த விதவையை உட்பட,
கடைசி வரி வரைக்கும்.