வளைவுக் கண்ணாடி

தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையில்
பதினோராவது வளைவு.
தூங்கி வழிகிறவர்களும் இங்கே விழித்துக்கொள்வார்கள்,
வயிறு ஒரு பக்கம் போய்த்
திரும்பி வருவதால்.

இங்கேதான் அவர்
ஒரு கல்லை எடுத்து வைக்கப் போய்ச் செத்தார்.

லாரிக்காரர்கள் டயருக்குக் கல்லை முட்டுக் கொடுப்பார்கள்,
கிளம்பும்போது மறந்துவிடுவார்கள்.
நடுரோட்டில் கிடக்கும் அது,
இன்னொருவன் முன்சக்கரத்துக்குக் காத்துக்கொண்டு.
அவர் கண்ணில் பட்டால் போதும்.
பின்னால் நான், மடியில் பிள்ளை,
இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்க,
டி.வி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு இறங்குவார்.
'ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு வாசலா?' என்பேன்.
காலால் தள்ளமாட்டார்.
குனிந்து, இரு கையாலும் தூக்கி,
தராசில் எடைக்கல் வைக்கிற மாதிரி
சத்தமில்லாமல் ஓரத்தில் வைப்பார்.

அன்றைக்குத் தனியாகப் போனார். மூடுபனி.
திரும்பியபோது குனிந்த முதுகு தெரியவில்லை என்றான்
பால்வண்டி ஓட்டியவன்.
ஸ்டேஷனில் அவன் சொன்னதை நம்பினேன்.
இந்தப் பனியில்
என் கையே எனக்குத் தெரியாது.

வருஷம் திரும்பியது.
கொழுந்தனார் பிளெக்ஸ் மாதிரி கொண்டுவந்தார்:
பத்துக்கு எட்டு, மேலே இரண்டு புறா,
கல்யாணப் படத்தில்
என்னை வெட்டிவிட்டு அவர் மட்டும்.
'எவ்வளவு ஆகும்?' என்றேன்.
சொன்னார். சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துச் சொன்னார்.
'அந்தக் காசை எங்கிட்ட குடுங்க.'
ஊர் ஒரு வாரம் பேசியது.
நாத்தனார் இன்னும் பேசவில்லை.

கண்ணாடி மதுரையிலிருந்து வந்தது,
தாம்பாளம் மாதிரி புடைத்து, சிவப்பு விளிம்போடு.
நட்டு வைக்க அனுமதி வேண்டும் என்றார்கள்.
இருந்தவரை பேர் சொல்லி அழைத்ததில்லை.
நெடுஞ்சாலை ஆபீசில்
மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று
முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்:
சடையாண்டி.
'இன்னொரு தரம் சொல்லுங்கம்மா' என்றார் கிளார்க்.
சொன்னேன்.
கம்பத்தில் பேர் எழுதிக்கொள்ளலாம் என்றார்.
வேண்டாம்.
படிக்கிறேன் என்று எவனாவது
ரோட்டை விட்டுவிடுவான்.

காபிப் பழம் பறிக்கப் போகும் முன்
தினம் ஆறு மணிக்குத் துடைக்கிறேன்.
பனி படிந்தால் கண்ணாடியும் குருடுதான்.
அவருடைய ஈரிழைத் துண்டு;
அது ஒன்றுதான் நூல் ஒட்டாமல் துடைக்கிறது.
வழியில் கல் கிடந்தால்
நான் காலால்தான் தள்ளுகிறேன். இடுப்பு வலி.
அவர் பார்த்தால் திட்டமாட்டார்,
மறுபடி எடுத்துச் சரியாக வைப்பார்.

துடைக்கத் துடைக்க உள்ளே
சின்னதாய், வளைந்து, ஒரு ரோடு வரும்.
அதில் அவர் வருவார் என்று நினைத்ததேயில்லை.
பொய்.
ஒரு தடவை நினைத்தேன்.
வந்தது சவ்சவ் ஏற்றிய லாரி.
ஹாரன் அடித்து, நிதானமாய்த் திரும்பி,
மலை இறங்கிப் போனது.

மார்கழியில் காய்ச்சல், நான்கு நாள்.
போர்வைக்குள் கிடந்துகொண்டு
ஒவ்வொரு வண்டிச் சத்தத்தையும்
அது ஓயும்வரை கேட்டேன்.

ஐந்தாம் நாள் போனால்
பளிச்சென்று இருக்கிறது.
மேல் விளிம்பு எனக்கு எட்டாது,
நான் துடைத்தால் எப்போதும்
ஒரு பிறை அளவு மங்கல் மீந்துவிடும்.
அந்தப் பிறையைக் காணோம்.
கீழே சரளைக்கல்லில்
பால் சொட்டிக் காய்ந்த வெள்ளை.

யாரையும் போய்க் கேட்கவில்லை.
அவனுக்கும் விடிகாலையில்தான் நடை.
அன்றைக்கு அவனை நம்ப முடிந்தது,
அதற்கு மேல் எதுவும்
இன்னும் எனக்கு வரவில்லை.
துண்டை மட்டும்
வீட்டுக்கு எடுத்துப் போவதை விட்டேன்.
பிழிந்து, உதறி,
கம்பத்துக் கொக்கியில் போட்டுவிட்டு வருகிறேன்.

சில நாள் நான் தொடும்போது
ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது.
பனியாகவும் இருக்கலாம்.