பல்லி சொன்ன பக்கம்

கஸ்தூரியார் வீதியில் வாங்கின பழைய கொம்பியூட்டர்
முதல் நாளே என்னை 'நிர்வாகி' எண்டு கூப்பிட்டது.
சம்பளம் கூடேல்லை. எண்டாலும் பிடிச்சிருந்தது.

திகதியைக் கேட்டால் மாதத்தை முன்னுக்குச் சொன்னது.
மாற்றினேன்.
தாளைக் கேட்டால் அமெரிக்க அளவு.
உறுதி எழுதுற நீளத் தாளாக்கினேன்.
பத்து நிமிசத்தில் நித்திரையாகிற திரைக்கு
நாற்பது நிமிசம் குடுத்தேன்.
நொத்தாரிசு தயாபரன் ஒரு வசனம் முடிக்க
அவ்வளவு வேணும்:
'வடக்கெல்லை ஒழுங்கை, கிழக்கெல்லை கோயில் காணி,
இதற்குள் அடங்கிய கிணற்றுப் பங்கும்
வழிவாய்க்கால் உரித்தும்...'

பிறகு சத்தங்கள்.

எனக்கு இடது காது இல்லை.
இருக்கு, கேளாது.
'ஷெல்லோ?' எண்டு எல்லாரும் குரலைத் தாழ்த்துவினம்.
இல்லை, ஏழு வயசில் குளத்துத் தண்ணி போய்ச்
சீழ் வடிஞ்சது.
அப்பிடிச் சொன்னால் அவையளுக்கு ஏமாற்றம்.
அதால் சிலநேரம் ஓம் எண்டும் சொல்லியிருக்கிறேன்.

அமைப்புகளுக்குள் ஒரு மூலையில் கிடந்தது
அந்தச் சின்ன ஆளி:
இடத்தையும் வலத்தையும் ஒண்டாக்கு.
அமத்தினேன்.
முப்பத்தொரு வருசமாக ஒருத்தரும் செய்யாத உபகாரம்.
பக்கங்கள் போச்சு.
சத்தம் முழுசாக வந்தது.

பிழை விட்டால் அடிக்கிற அந்த 'டொங்'
பள்ளிக்கூட அதிபரின்ர மேசை மணி மாதிரி.
தூக்கிப்போட்டு, ரெயில் கடவை மணியில் ஒரு துண்டு வைச்சேன்,
கோண்டாவிலில் சைக்கிளோட நிண்டபோது போனில் பிடிச்சது.
மின்னஞ்சலுக்குப் பாண் ஓட்டோவின்ர பாட்டு.
மூண்டாம் நாள் அதை எடுத்தேன்,
ஒவ்வொரு கடிதத்துக்கும் பசிச்சது.
கோப்பைச் சேமித்தால் மட்டும்
என்ர அறைச் சுவரில் பிடிச்ச பல்லி:
ச்சு ச்சு ச்சு.
பல்லியும் சொன்னபிறகு நம்பலாம்தானே.

வெள்ளிக்கிழமை குலவீரசிங்கம் வந்தார்,
ஸ்காபரோவில் இருந்து, இணுவிலில் ஆறு பரப்பை விற்க.
வாங்கிறவர் வாசல் கதிரையில்.
சாட்சிக்காரர் இரண்டு பேர் பிளேன்ரீயோட.
கடைசித் திருத்தம்: அடையாள அட்டையில் ஒரு இலக்கம்.
திருத்திச் சேமித்தேன்.
ச்சு ச்சு ச்சு.

பேனை நிண்டது.
முகட்டைப் பார்த்தார். வளையைப் பார்த்தார்.
கலண்டரைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார்.
முப்பது வருசக் குளிர்
ஒரு பல்லியைக்கூட அவரிடமிருந்து எடுக்கேல்லை.
'பிள்ளை, எந்தப் பக்கம் சொன்னது?'

எனக்குப் பக்கம் தெரியாது.
பெட்டிக்கும் தெரியாது, மறக்கப் பண்ணினது நான்தான்.
நொத்தாரிசு 'கிழக்கு' எண்டார்.
வாங்கிறவர் 'வலம், வலம்' எண்டார்.
சாட்சிக்காரரில் ஒருத்தர் 'எனக்குக் கேக்கேல்லை' எண்டது
அண்டைக்கு அங்க சொன்ன ஒரே சாட்சியம்.

'சுவர்ப் பல்லி இல்லை ஐயா. நான் வைச்சது.'
என்னை வடிவாகப் பார்த்தார்.
'வைச்சதெண்டாலும் இப்பதானே சொன்னது.'
பேனைக்கு மூடி போட்டார்.
'தம்பியோட ஒருக்கால் கதைச்சிட்டு வாறன்.'

தம்பி ஒருத்தர் இருக்கிறார் எண்டு
உறுதியில் ஒரு வரியும் இல்லை.

பின்னேரம் தயாபரன்
'அந்தச் சனியனைப் பழையபடி ஆக்கு' எண்டிட்டுப் போனார்.
இயல்புநிலைக்குத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கு.
அமத்த முதல் அது கேட்டது:
உறுதியா?

நாளுக்கு நாலு உறுதி தட்டுற கை,
அந்தச் சொல்லில் வந்து நிண்டது.

வேண்டாம் எண்டு குடுத்தேன்.
பல்லியை மட்டும் திறந்து
நூறில் இருந்த சத்தத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கினேன்,
ஒரு காதும் கிட்ட இருக்கிற ஒரு ஆளும்
கேக்கப் போதுமான அளவு.
சேமித்தேன்.

சொன்னது.